கேம்பஸுக்கு எந்த டிஎன்எஸ் சர்வர் போடலாம்? பழைய பைண்ட் பெட்டி ஓப்பனா கிடக்குன்னு மெயில் வந்திருக்கு

தக்கலைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். தக்கலைப் பக்கம் ஒரு காலேஜ்ல லேப் அசிஸ்டண்டா இருக்கேன். நெட்வொர்க் பாத்துட்டு இருந்த சார் போன வருஷம் ரிட்டயர் ஆனதுல இருந்து சர்வர் ரூம் சாவி எங்கிட்ட தான், எனக்கு லினக்ஸ் ஓரளவுக்கு தெரியும், டிஎன்எஸ், அதாவது பேர அடிச்சா அதோட ஐபி நம்பரத் தேடிக் குடுக்கிற ஏற்பாடு, பாடத்துல படிச்சதோட சரி.

மூணு லேப், ரெண்டு ஹாஸ்டல், ஆபீஸ், லைப்ரரி எல்லாம் சேத்து 400 சிஸ்டம் பக்கம் வரும், பிள்ளைங்க போன் அது தனி. சர்வர் ரூம்ல சென்ட்ஓஎஸ் 6 லினக்ஸ் போட்ட ஒரு பழைய பெட்டி, அதுல பைண்ட் 9.8.2ன்னு டிஎன்எஸ் சாஃப்ட்வேர் ஓடுது. அதே பெட்டி தான் காலேஜ் டொமைனுக்கு நேம்சர்வர், கேம்பஸ் முழுக்க பேர் தேடிக் குடுக்கிறதும் அதே பெட்டி தான். வெளிய என்எஸ்1 என்எஸ்2ன்னு ரெண்டு பேர் குடுத்திருக்காங்க, பாத்தா ரெண்டு ஐபியும் அந்த ஒரே பெட்டியில தான் இருக்கு.

போன வாரம் லீஸ்டு லைன் குடுக்கிறவங்கட்ட இருந்து மெயில். உங்க ஐபி ஓப்பன் ரிசால்வரா, அதாவது வெளியாள் யார் கேட்டாலும் பேர் தேடிக் குடுக்கிற மாதிரி கிடக்கு, அத வச்சு வெளிய யாரையோ தாக்கியிருக்காங்க, மூடலன்னா லைன நிறுத்திருவோம்னு. மீட்டிங்ல ஒருத்தர் விண்டோஸ் சர்வர் லைசன்ஸ் சும்மா கிடக்கே அதுல போடுங்கன்னு சொல்றாங்க, இன்னொருத்தர் எல்லா சிஸ்டத்துலயும் கூகுளோட 8.8.8.8 டிஎன்எஸ்ஸ குடுத்துட்டா வேலை முடிஞ்சுதே எதுக்கு சர்வர்னு கேக்குறாங்க. நெட்ல தேடுனா பைண்ட், அன்பவுண்ட், என்எஸ்டி, பவர்டிஎன்எஸ், நாட், டிஎன்எஸ்மாஸ்க், டெக்னிஷியம்னு அடுக்கிட்டே போறாங்க, ஒருத்தர் நல்லதுன்னு சொல்றத இன்னொருத்தர் தொடவே தொடாதேன்னு சொல்றார்.

எனக்கு முக்கியம் ஒண்ணு தான். மழைக்காலத்துல இங்க லைன் போகும், கரண்டும் போகும், யுபிஎஸ் இருபது நிமிஷம் நிக்கும், பொறவு ஜெனரேட்டர். இன்டர்னல் எக்ஸாம் கேம்பஸுக்குள்ள இருக்க சர்வர்ல ஆன்லைன்ல நடக்குது, வெளி லைன் இல்லன்னாலும் அது பேர் அடிச்சா திறக்கணும். புதுசா காசு கிடைக்காது, பழைய டெஸ்க்டாப் நாலு கிடக்கு, அதுல எதாவது செய்யலாமா? செமஸ்டர் தொடங்க நாலு வாரம் இருக்கு.

மார்த்தாண்டம்_கேபிள்

மக்ளே, எந்த சாஃப்ட்வேர்னு பொறவு பேசலாம், முதல்ல இன்னைக்கே அந்தக் கதவ அடை. பைண்ட் கான்ஃபிக்ல ஆப்ஷன்ஸ் பகுதியில அலவ்-ரிகர்ஷன்னு ஒரு வரி, அதுல உங்க உள் ஐபி ரேஞ்ச் மட்டும் குடு, அலவ்-கொயரி-கேச் வரியிலயும் அதே ரேஞ்ச குடு. யாரோ எப்பவோ ரெண்டுலயும் எனின்னு, அதாவது யார் கேட்டாலும் குடுன்னு போட்டு விட்டிருப்பாங்க, ஏன்னா 9.8.2ல நீயா திறந்து விடாம அது வெளியாளுக்குப் பதில் சொல்லாது. கான்ஃபிக்ல தப்பு இருக்கான்னு நேம்டு-செக்கான்ஃப் ஓட்டிப் பாத்துட்டு ரீலோட் பண்ணு. பண்ணிட்டு உன் போன்ல வைஃபைய ஆஃப் பண்ணி மொபைல் டேட்டாவுல லேப்டாப்ப இணைச்சு, டிக் கமாண்டுல உங்க பப்ளிக் ஐபியக் குடுத்து வேற ஏதாவது ஒரு டொமைனக் கேளு. ரெஃப்யூஸ்டுன்னு வந்தா கதவு அடைஞ்சாச்சு. உங்க டொமைன மட்டும் கேட்டா பதில் வரணும், அது நேம்சர்வர் வேலை. கேம்பஸுக்குள்ள இருந்து டெஸ்ட் பண்ணாத, உள்ள இருந்து கேட்டா எப்பவும் பதில் வரத் தான் செய்யும், அத பாத்து மூடியாச்சுன்னு நினைச்சு நானே ஒரு தடவ ரெண்டு நாள் திறந்து போட்டிருந்தேன்.

அவங்க பயப்படுறதுல நியாயம் இருக்கு. டிஎன்எஸ் கேள்வி யுடிபியில போகுது, அனுப்புனவன் ஐபி உண்மையா பொய்யான்னு சர்வருக்கு தெரியாது. திருடன் இன்னொருத்தன் ஐபிய போட்டு சின்னதா ஒரு கேள்வி அனுப்புவான், உன் பெட்டி 50 மடங்கு வரைக்கும் பெரிய பதில அந்த அப்பாவி மேல கொண்டு கொட்டும். இப்படி ஆயிரக்கணக்கான பெட்டிய ஒரே நேரத்துல ஏவி விட்டா எந்த சைட்டும் தாங்காது. உங்க லைனும் அதுல நெரிஞ்சு போகும், பிள்ளைங்க நெட் ஸ்லோன்னு சொல்லியிருப்பாங்களே, பாதி காரணம் இதுவா இருக்கலாம்.

இனி உன் கேள்விக்கு வாறேன். நீ ஒரு சாஃப்ட்வேர் தேடுற, ஆனா உங்கிட்ட இருக்கது ரெண்டு வேலை. உங்க டொமைன் எங்க இருக்குன்னு ஊருக்கு சொல்றது ஒண்ணு, அது அத்தாரிடேட்டிவ். உங்க பிள்ளைங்க கேக்குறத ஊரெல்லாம் தேடிக் கொண்டு வந்து குடுக்குறது இன்னொண்ணு, அது ரிசால்வர். ஒண்ணு வீட்டு வாசல்ல மாட்டுற பேர்ப்பலகை, இன்னொண்ணு வீட்டுக்காக சந்தைக்கு போற ஆள். ரெண்டும் ஒரே பெட்டியில கிடந்ததால தான் பலகை பாக்க வந்தவன் எல்லாம் உன் ஆள சந்தைக்கு அனுப்பிட்டு இருந்திருக்கான். பிரிச்சிரு.

ரிசால்வருக்கு என் ஓட்டு அன்பவுண்ட். நெதர்லாந்துல என்எல்நெட் லேப்ஸ் எழுதுறது, இலவசம், ரிசால்வர் வேலைக்காகவே எழுதுனது. போட்ட உடனே அது லோக்கல்ஹோஸ்டுக்கு, அதாவது அதே பெட்டிக்கு மட்டும் தான் பதில் சொல்லும், நீயா ஆக்சஸ்-கண்ட்ரோல் வரியில உள் ரேஞ்ச சேத்தா தான் மத்தவங்களுக்கு சொல்லும், அதனால தெரியாம திறந்து கிடக்க வழியில்ல. என் கேபிள் நெட்ல வீட்டுக் கனெக்ஷன் எல்லாத்துக்கும் ரெண்டு பெட்டியில அது தான் ஓடுது, 4 ஜிபி ராம் தான், மூச்சே விடாது. உனக்கு 400 சிஸ்டம்னா பழைய டெஸ்க்டாப் ரெண்டு தாராளம்.

அத்தாரிடேட்டிவ் பத்தி சொல்லு, உங்க சோன் ஃபைல்ல, அதாவது டொமைனோட பேர் விவரம் எழுதி வச்ச ஃபைல்ல, எத்தன ரெக்கார்டு இருக்கு?

8.8.8.8 சொன்னவருக்கு பதில்: கடைக்கோ வீட்டுக்கோ அது போதும், தப்பே இல்ல. உனக்கு போதாது. லைன் அறுந்த அன்னைக்கு எக்ஸாம் சர்வர் பக்கத்து ரூம்ல ஓடிட்டு தான் இருக்கும், ஆனா அதுக்கு பேர் சொல்ற ஆள் வெளிநாட்டுக் கம்பெனி, அங்க போக வழி இல்ல. பிள்ளைங்க பக்கம் திறக்கலன்னு உன் முகத்த பாப்பாங்க.

வடசேரி_நேம்டு

அண்ணாச்சி சொன்னதுல பாதி சரி, மீதிக்கு நான் வாதம் பண்ணுவேன். ரெண்டு வேலையையும் பிரிக்கணும்னா ஒத்துக்கிடுதேன், அதுக்காக பைண்ட தூக்கி எறியணும்னு இல்ல. பழியெல்லாம் பைண்ட் மேல போடுறாங்க, உங்க பெட்டியில குத்தம் பைண்ட் இல்ல, 9.8.2 அப்பிடிங்கற நம்பர். சென்ட்ஓஎஸ் 6க்கு 2020 நவம்பர் 30ஓட அப்டேட் நின்னு போச்சு. 2015ல பைண்ட்ல ஒரு ஓட்டை வந்தது, டிகீன்னு ஒரு கொயரி ஒரே ஒரு பாக்கெட் அனுப்புனா நேம்டு, அதாவது பைண்டோட புரோகிராம், செத்து விழும், கான்ஃபிக்ல எத வச்சும் தடுக்க முடியாது, பேட்ச் ஒண்ணு தான் வழி. உங்க பெட்டியில அந்த பேட்ச் ஏறியிருக்கான்னு பாருங்க, ஏறலன்னா இத்தன நாள் உயிரோட இருந்ததே ஆச்சரியம்.

அன்பவுண்டுக்கு மாறிட்டா நிம்மதின்னும் நினைக்காதீங்க. 2024 பிப்ரவரியில கீட்ராப்னு ஒண்ணு வெளிய வந்துது, ஜெர்மனியில ஆராய்ச்சிக்காரங்க கண்டுபிடிச்சது, டிஎன்எஸ்செக், அதாவது பதில் நிஜமானதுன்னு காட்டுற கையெழுத்த சரிபாக்குற எல்லா ரிசால்வரும் மாட்டிச்சு. பைண்ட், அன்பவுண்ட், பவர்டிஎன்எஸ், நாட் எதுவும் தப்பல. ஒரு பாக்கெட்ட வச்சு ரிசால்வர மணிக்கணக்குல முட்டி போட வைக்கலாம், சிலதுல 16 மணி நேரம் வரைக்கும். அன்னைக்கு எல்லாரும் பேட்ச் குடுத்தாங்க, போட்டவன் தப்பிச்சான். அதனால எதப் போட்டாலும் டிஸ்ட்ரிபியூஷனோட பேக்கேஜ்ல இருந்து போடுங்க, செக்யூரிட்டி அப்டேட் தானா ஏறுற மாதிரி வையுங்க. சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணி வச்சுட்டு போன சாரோட பெட்டிய நானும் ஒண்ணு ஏத்து வாங்கியிருக்கேன், எந்த ஆப்ஷன் குடுத்து கட்டுனாருன்னு கண்டுபிடிக்கவே ஒரு மாசம் ஆச்சு.

மத்ததப் பத்தி சுருக்கமா: என்எஸ்டி அத்தாரிடேட்டிவ் மட்டும் தான், பேர் தேடவே தேடாது, அதனால சின்னது, வேகம். பவர்டிஎன்எஸ் ரெக்கார்ட டேட்டாபேஸ்ல வைக்கும், நூத்துக்கணக்குல டொமைன் விக்கிற ஹோஸ்டிங்காரங்களுக்கு நல்லது, உங்களுக்கு ஒரு டொமைனுக்கு மைஎஸ்க்யூஎல் வச்சு அதுக்கும் பேக்கப் எடுக்கணும், வேண்டாம். நாட் செக் நாட்டு சிஇசட்.நிக் எழுதுறது, அருமையான சாமான், ஆனா இங்க சந்தேகம் கேக்க பக்கத்துல ஆள் கிடைக்காது. டிஎன்எஸ்மாஸ்க் தானா ஊரெல்லாம் போயி தேடாது, மேல இருக்க இன்னொரு சர்வர்ட்ட கேட்டு சொல்லும், சின்ன ஆபீஸுக்கு, சிஸ்டத்துக்கு தானா ஐபி குடுக்கிற டிஹெச்சிபியும் சேத்து தரும், 400 சிஸ்டத்துக்கு நான் வைக்க மாட்டேன். டெக்னிஷியம் நம்ம நாட்டுக்காரர் எழுதுறது, பிரௌசர்ல எல்லாம் செய்யலாம், கமாண்ட் லைன் பயமா இருக்கவங்களுக்கு சொல்லுவேன். விண்டோஸ் டிஎன்எஸ், யூசர் லாகின் எல்லாம் ஒரே இடத்துல வைக்கிற ஆக்டிவ் டைரக்டரி இருந்தா அதோட நல்லா ஒத்துப்போகும், இல்லன்னா அதுக்காக அத கொண்டு வர வேண்டாம்.

என் யோசனை: காலேஜ்ல உள்ளுக்குள்ள ஒரு பைண்ட், அது தான் சோனோட மூலம், அத வெளிய யாருக்கும் காட்டாதீங்க. வெளிய ரெண்டு இடத்துல செகண்டரி வாங்குங்க, உங்க பைண்ட்ல இருந்து அது நகல் எடுத்துக்கும். ஹிடன் பிரைமரின்னு சொல்லுவாங்க. இங்க கரண்ட் போனாலும் டொமைன் வெளிய நிக்கும், கட்டுப்பாடும் உங்க கையில.

தக்கலைக்காரி

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அண்ணாச்சி, நீங்க சொன்னபடி கதவ மூடிட்டேன், அப்பா போன்ல டேட்டா போட்டு கேட்டேன், ரெஃப்யூஸ்டுன்னு வந்துது. லைன்காரங்களுக்கு மெயில் போட்டாச்சு. எனின்னு தான் போட்டிருந்துது ரெண்டு வரியிலயும், நீங்க சொன்ன மாதிரியே. டிகீ பேட்ச் ஏறியிருக்கான்னு பாக்க அப்டேட் லாக் கூட இல்ல அதுல.

சோன் ஃபைல்ல எண்ணுனேன், 14 ரெக்கார்டு. வெப்சைட்டும் மெயிலும் வெளிய ஹோஸ்டிங்ல தான் இருக்கு. கடைசியா மாத்துனது ரெண்டு வருஷத்துக்கு முன்னால. ஆக்டிவ் டைரக்டரி இல்ல.

கொளச்சல்காரன்

வடசேரி அண்ணன் சொன்ன ஹிடன் பிரைமரி நல்ல ஏற்பாடு தான், ஆனா அதுல ஒரு இடம் இருக்கு, நான் விழுந்த இடம், சொல்லியே ஆகணும்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். ஓர்மை இல்லாதவங்க நம்ம மாவட்டத்துல யாரும் இருக்க மாட்டாங்க. நான் அப்போ கடற்கரைப் பக்கம் ஒரு ஏற்றுமதி ஆபீஸ்ல சிஸ்டம் பாத்துட்டு இருந்தேன். இதே ஏற்பாடு தான், பிரைமரி ஆபீஸ்ல, செகண்டரி வெளியூர்ல. மெயில் சர்வரும் சென்னையில ஒரு டேட்டா சென்டர்ல, அதுக்கு ஒண்ணும் ஆகல. புயல்ல போஸ்ட் கம்பமெல்லாம் சாஞ்சு கரண்ட் போச்சு, எங்க பக்கம் ஒன்பது நாள் வரல. முதல் நாள் மெயில் எல்லாம் போன்ல வந்துட்டு தான் இருந்துது, நான் நிம்மதியா இருந்தேன். ரெண்டாம் நாள் நின்னு போச்சு.

காரணம் எஸ்ஓஏ ரெக்கார்ட்ல, அதாவது சோன் ஃபைலோட தலைப்பு ரெக்கார்ட்ல, எக்ஸ்பயர்னு ஒரு நம்பர். பிரைமரிய பிடிக்க முடியாம போனா செகண்டரி எவ்வளவு நேரம் பழைய நகல வச்சு பதில் சொல்லலாம்னு அது தான் முடிவு பண்ணுது. அதுல 86400 செகண்ட் போட்டிருந்தேன், ஒரே நாள். ஏதோ ஒரு மாதிரிய பாத்து காப்பி பண்ணது, அர்த்தம் யோசிக்கல. இருபத்தி நாலு மணி நேரம் ஆனதும் செகண்டரி இந்த டொமைன் இனி எனக்கு தெரியாதுன்னு செர்வ்ஃபெயில் குடுத்திருச்சு. சென்னையில மெயில் சர்வர் உயிரோட, செகண்டரி உயிரோட, லைன் உயிரோட, பேர் மட்டும் செத்துப் போச்சு. அனுப்புற சர்வர் எல்லாம் நாலஞ்சு நாள் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், பொறவு மெயில திருப்பி அனுப்பிரும். கரண்ட் வந்தப்போ அதையும் தாண்டிருச்சு. கடலுக்கு போனவங்க எந்தக் கரையில ஒதுங்கியிருக்காங்கன்னு ஒவ்வொரு துறைமுகமா விசாரிச்சு பதிலுக்கு எல்லாரும் காத்து நின்ன நேரம் அது. எங்க ஆபீஸுக்கு வந்த மெயில் எத்தன திரும்பிப் போச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

1996லயே ஆர்எஃப்சி 1912ங்கற இன்டர்நெட் வழிகாட்டிக் குறிப்புல எழுதி வச்சிருக்காங்க, எக்ஸ்பயர் ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரம்னு. 1209600ன்னு போட்டா ரெண்டு வாரம், 2419200ன்னா நாலு. நான் இப்போ எல்லாத்துலயும் நாலு வாரம் தான். தங்கச்சி, உங்க சோன் ஃபைல்ல எஸ்ஓஏ வரியில நாலாவது நம்பர் என்னன்னு தயவு செஞ்சு இப்பவே பாருங்க, சீரியல், ரெஃப்ரெஷ், ரீட்ரை, அதுக்கு அடுத்தது எக்ஸ்பயர்.

மார்த்தாண்டம்_கேபிள்

கொளச்சல் தம்பி சொன்னத படிச்சதும் நானும் என் சோன்ல போய்ப் பாத்துட்டு தான் வந்தேன்.

மக்ளே, 14 ரெக்கார்டு, ரெண்டு வருஷமா மாத்தல, சைட்டும் மெயிலும் வெளிய. அப்படின்னா உனக்கு அத்தாரிடேட்டிவ் சர்வரே வேண்டாம். டொமைன் வாங்குன இடத்துலயே நேம்சர்வர் வசதி இருக்கும், இல்லன்னா அதுக்குன்னே தனியா குடுக்கிறவங்க இருக்காங்க, வேற வேற ஊர்ல பெட்டி வச்சிருப்பாங்க. அந்த 14ஐயும் அங்க ஏத்து. வடசேரி தம்பி சொல்றது நூறு ரெக்கார்டு இருந்து தினம் மாத்துறவங்களுக்கு சரி. நீ ஒத்த ஆள், அப்டேட் பண்ண வேண்டிய சாமான் ஒண்ணு குறைஞ்சா அது உனக்கு லாபம்.

மாத்தும்போது ஒழுங்கா செய். முதல்ல இப்போ இருக்க சோன்ல டிடிஎல், அதாவது மத்தவங்க பதில எத்தன செகண்ட் ஞாபகம் வைக்கலாம்ங்கற நம்பர், எல்லாத்தையும் 300க்கு இறக்கி, பழைய டிடிஎல் எவ்வளவோ அவ்வளவு நேரம் காத்திரு. பொறவு புது இடத்துல ரெக்கார்டு ஏத்தி, என்எஸ்ஸ, அதாவது நேம்சர்வர் பேர மாத்துறதுக்கு முன்னாலயே அந்த புது சர்வர்ட்டயே டிக்ல நேரடியா ஒவ்வொண்ணா கேட்டுப் பாரு, மெயில் எங்க போகணும்னு சொல்ற எம்எக்ஸ், டிஎக்ஸ்டி, எல்லாம். பழைய பதிலும் புது பதிலும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருந்தா தான் மாத்தணும். மாத்துன பொறவும் பழைய பெட்டிய ரெண்டு மூணு நாள் ஓட விடு, பழைய என்எஸ்ஸ கேச்ல வச்சிருக்கவன் அங்க தான் வருவான்.

குலசேகரம்_மலைக்காடு

அக்கா, பழைய டெஸ்க்டாப்ல அன்பவுண்ட் போடுறீங்கன்னா பெட்டிய திறந்து மதர்போர்டுல இருக்க சிஆர்2032 பேட்டரிய புதுசு போடுங்க. சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க, எனக்கு இதுல ஒரு திங்கக்கிழமை முழுசா போயிருக்கு.

இங்க மலையடிவாரத்துல ஒரு ஸ்கூலுக்கு ராஸ்பெர்ரி பை 3ல அன்பவுண்ட் போட்டு குடுத்தேன், டிஎன்எஸ்செக் ஆன். அந்த போர்டுல கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது, கடைசியா எழுதி வச்ச நேரத்துல இருந்து தான் எழும்பும். வெள்ளிக்கிழமை காத்துல ரப்பர் மரம் லைன் மேல விழுந்து திங்கக்கிழமை காலையில தான் கரண்ட் வந்துது. பை எழும்புனப்போ அதுக்கு இன்னும் வெள்ளிக்கிழமை. டிஎன்எஸ்செக் கையெழுத்துல எப்ப இருந்து எப்ப வரைக்கும் செல்லும்னு நேரம் இருக்கும், ரூட் சோனோட கையெழுத்து அடிக்கடி புதுசாகும். அன்பவுண்ட் பாக்குது, கையெழுத்து வருங்காலத்துல போட்டதா இருக்கு, செல்லாது, எல்லாத்துக்கும் செர்வ்ஃபெயில். சரி நேரத்த திருத்திக்கட்டும்னா நேரம் குடுக்கிற என்டிபி சர்வரும் பேர்ல தான் போட்டிருக்கு, அந்தப் பேர தேடிக் குடுக்க வேண்டியது இதே அன்பவுண்ட். ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்குது. லைன் நல்லா இருக்கு, பிங் போகுது, ஒரு பேர் திறக்கல. நான் கேபிள், ரௌட்டர், ஃபயர்வால் எல்லாம் நோண்டி சாயங்காலம் லாக்ல தேதிய பாத்தப்போ தான் மனசிலாச்சு.

இப்போ டிஎஸ்3231 கடிகார மாட்யூல் வச்சாச்சு, கூடவே என்டிபியில ஒரு சர்வர ஐபியா குடுத்தாச்சு, பேர் இல்லாமலே நேரம் வரும். டெஸ்க்டாப்ல பேட்டரி செத்திருந்தா தேதி பல வருஷம் பின்னால போயிரும், இதே கதை தான்.

இன்னொண்ணு, அன்பவுண்ட்ல செர்வ்-எக்ஸ்பயர்ட் யெஸ்னு போட்டு வையுங்க. காலாவதியான பதில தூக்கி எறியாம வச்சிருந்து, லைன் தடுமாறும்போது அதக் குடுக்கும். நம்ம ஊர் மழைக்கு லைன் ரெண்டு நிமிஷம் போய் வரும் பாத்தீங்களா, அந்த மாதிரி நேரத்துல பிள்ளைங்களுக்கு விட்டுப்போனதே தெரியாது.

தக்கலைக்காரி

பதிமூணு நாள் கழிச்சு வாறேன், மன்னிக்கணும், இது முடியாம எழுத வேண்டாம்னு இருந்தேன்.

எக்ஸ்பயர் பாத்தேன் கொளச்சல் அண்ணா, 3600. ஒரு மணி நேரம். செகண்டரியே இல்லாததால இத்தன வருஷம் யாருக்கும் தெரியல.

டெஸ்க்டாப் ரெண்டுல உபுண்டு போட்டு அன்பவுண்ட் ஏத்துனேன், ஒண்ணு ஆபீஸ் பிளாக்ல, ஒண்ணு லேடீஸ் ஹாஸ்டல் ரேக்ல, ஒரு யுபிஎஸ் போனாலும் இன்னொண்ணு நிக்கட்டும்னு. பேட்டரி ரெண்டுலயும் மாத்தினேன், ஒரு பெட்டி உண்மையிலயே 2009ல இருந்துது தம்பி, நீங்க சொல்லலன்னா நான் அங்க போய் பாத்தே இருக்க மாட்டேன். முதல் நாள் அன்பவுண்ட் எழும்பவே மாட்டேன்னு நின்னுது, டிஎன்எஸ்ஸோட போர்ட் 53ல வேற யாரோ இருக்காங்கன்னு எரர், பாத்தா உபுண்டுல சிஸ்டம்டி-ரிசால்வ்டு அந்த இடத்த பிடிச்சு வச்சிருக்கு, ஸ்டப் லிசனர் நோன்னு குடுத்ததும் விட்டுது. எக்ஸாம் சர்வர், லைப்ரரி, பிரிண்டர் பேரெல்லாம் லோக்கல்-டேட்டா வரியா ரெண்டு பெட்டியிலயும் ஒரே ஃபைல்ல எழுதி வச்சாச்சு. பொறவு சனிக்கிழமை ஆள் இல்லாத நேரம் பாத்து லீஸ்டு லைன் கேபிளயே உருவி விட்டு எக்ஸாம் பேர அடிச்சேன், உடனே திறந்துது. அப்போ அழுகையே வந்துட்டு.

14 ரெக்கார்டையும் வெளிய ஏத்தியாச்சு. அண்ணாச்சி சொன்னபடி என்எஸ் மாத்துறதுக்கு முன்னால புது சர்வர்ட்ட நேரா கேட்டுப் பாத்தேன், எம்எக்ஸ் தப்பா இருந்துது. நான் கடைசியில புள்ளி வைக்கல, அந்த பேனல் மெயில் சர்வர் பேருக்குப் பின்னால எங்க டொமைன இன்னொரு தடவ ஒட்ட வச்சிருச்சு. கேக்காம மாத்தியிருந்தா ஒரு மெயில் வந்திருக்காது.

ரெண்டு விஷயம் இன்னும் உறுத்துது. ஒண்ணு, ரிசல்ட்டுக்காக புதுசா ஒரு சப்டொமைன், வாட்சாப்ல முதல்ல பேர அனுப்பிட்டு பொறவு தான் ரெக்கார்டு சேத்தேன், பத்து நிமிஷம் தான் இடையில. கொஞ்சம் பிள்ளைங்களுக்கு வீட்டுல மணிக்கணக்கா திறக்கல, மத்தவங்களுக்கு உடனே திறந்துது. ரெண்டு, ஹாஸ்டல்ல சில ஆண்ட்ராய்டு போன்ல மட்டும் எக்ஸாம் பேர் திறக்கல, அதே ரூம்ல மத்த போன்ல திறக்குது.

வடசேரி_நேம்டு

முதல்லது நெகட்டிவ் கேச். இல்லன்னு சொன்ன பதிலயும் ரிசால்வர் ஞாபகம் வச்சுக்கும். அந்தப் பத்து நிமிஷத்துல கேட்ட பிள்ளையோட நெட் கம்பெனி ரிசால்வர் என்எக்ஸ்டொமைன், அப்படி ஒரு பேரே இல்லன்னு எழுதி வச்சிருக்கு. எவ்வளவு நேரம் வைக்கணும்னு உங்க எஸ்ஓஏவோட கடைசி நம்பர் மினிமம் சொல்லும், 86400ன்னு இருக்கும் பாருங்க. டீஃபால்ட்டா அன்பவுண்ட் 1 மணி நேரத்துக்கு மேல வைக்காது, பைண்ட் 3 மணி நேரம், மத்தவங்க எப்படியோ. பேனல்ல மாத்த விட்டா 300 போடுங்க. அதுக்கும் மேல, ரெக்கார்டு முதல்ல, அறிவிப்பு பொறவு. உங்க பெட்டியில மாட்டுனா மட்டும் அன்பவுண்ட்-கண்ட்ரோல்ல ஃப்ளஷ் நெகட்டிவ் குடுத்து துடைக்கலாம், ஊர்ல இருக்கத துடைக்க நமக்கு வழியில்ல.

ரெண்டாவது, அந்தப் போன்ல செட்டிங்ஸ்ல பிரைவேட் டிஎன்எஸ்னு ஒண்ணு இருக்கும், விளம்பரம் வராம இருக்க பிள்ளைங்க ஏதோ ஒரு சர்வர் பேர அதுல குடுத்திருப்பாங்க. அப்போ அது உங்க அன்பவுண்ட்ட கேக்கவே கேக்காது, போர்ட் 853ல நேரா வெளிய போய் கேக்கும், வெளிய இருக்கவனுக்கு உங்க உள் பேர் தெரியாது. ஆட்டோமேட்டிக்குக்கு மாத்தச் சொல்லுங்க. ஃபயர்ஃபாக்ஸ்லயும் இதே மாதிரி வரலாம், அதுக்கு யூஸ்-அப்ளிகேஷன்-டிஎன்எஸ் டாட் நெட்ங்கற பேருக்கு அன்பவுண்ட்ல என்எக்ஸ்டொமைன் குடுத்தா தானா விலகிக்கும், ஆனா பிள்ளையே கையால ஆன் பண்ணியிருந்தா விலகாது.

853ஐ ஃபயர்வால்ல அடைச்சா என்னன்னு தோணும். நான் அடைக்க மாட்டேன். ஹாஸ்டல் அவங்க வீடு மாதிரி, எந்த டிஎன்எஸ் வேணும்னு அவங்க இஷ்டம். எக்ஸாம் லேப் வைஃபையில மட்டும் அடைங்க.

அப்புறம், பைண்ட விட்டுட்டீங்கன்னு எனக்கு வருத்தம் இல்ல, 14 ரெக்கார்டுன்னு தெரிஞ்சிருந்தா நானும் அதையே தான் சொல்லியிருப்பேன்.

தக்கலைக்காரி

ரெண்டும் அப்படியே தான் அண்ணா. மினிமம் 86400 தான் இருந்துது, 300 ஆக்கிட்டேன். ஏழு போன்ல பிரைவேட் டிஎன்எஸ், எக்ஸாம் நேரத்துக்கு மட்டும் ஆட்டோமேட்டிக்ல வையுங்கன்னு நோட்டீஸ் போர்டுல எழுதிப் போட்டாச்சு.

பழைய சென்ட்ஓஎஸ் பெட்டிக்கு மூணு நாளா வெளிய இருந்து ஒரு கேள்வியும் வரல, டிசிபிடம்ப் போட்டு பாத்துட்டு தான் இருந்தேன். நேத்து சாயங்காலம் ஆஃப் பண்ணிட்டேன். ரிட்டயர் ஆன சாருக்கு போன் பண்ணி சொன்னேன், 2012ல அவரே கையால அசெம்பிள் பண்ணதாம், ஹார்டு டிஸ்க்க மட்டும் கழட்டி பத்திரமா வைன்னு சொன்னாங்க. வச்சிருக்கேன்.